ஒத்துக்காரனின் ஏழு விநாடி

எதிர் மனையில் வீடு கட்டுகிறார்கள். இன்று காலை ஒரு லாரி மணலைக் கொட்டி, புழுதி அடங்குவதற்காக அதன்மேல் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தார்கள். அந்த ஈரமணல் வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்ததுதான் தாமதம், காபி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டேன். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வாசலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், மறுபடியும் போனேன். மருமகள், "இன்னா மாமா, எதனா தேடுறீங்களா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். ஆரம்பாக்கம் டூரிங் டாக்கீஸில் முதல் ஆட்டத்துக்கு முன்னால் தரை டிக்கெட் மணலில் தண்ணீர் தெளிப்பார்களே, அதே வாசனை. இதை உன்னிடம்தான் சொல்ல முடியும். நீயோ போன ஐப்பசியிலேயே கண்ணை மூடிவிட்டாய்.

நான்கு நாளாகவே எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மீஞ்சூரில் உன் வீட்டுக்குப் போய்வந்ததிலிருந்து இப்படித்தான். உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. அங்கே நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன். அதை முதலில் எழுதினால் மற்றதை எழுதக் கை வராது.

எழுபதுகளின் தொடக்கம் அது. எண்ணூர்ப் பக்கத்துப் பேட்டரித் தொழிற்சாலை ஒன்றில் நாம் இருவரும் ஒரே ஷிப்டு. விடிகாலையில் கரி எஞ்சின் ரயில் வண்டியில் ஏறிப் போய், சாயங்காலம் அதே வண்டியில் கண்ணெல்லாம் கரித்தூளோடு ஆரம்பாக்கத்தில் இறங்குவோம். இறங்கினால் வீட்டுக்கா போவோம்? நேரே கொட்டகைதான். மெயின் படத்துக்கு முன்னால் சர்க்கார் படம் ஒன்றைக் கட்டாயம் ஓட்டவேண்டிய காலம் அது. பெரும்பாலும் அணைக்கட்டு, உரம் போடும் முறை, அம்மை குத்திக்கொள்வது என்று ஏதாவது வரும். ஜனங்கள் அந்த நேரம் பார்த்துத்தான் முறுக்கு வாங்க வெளியே போவார்கள். அந்தக் கொட்டகைக்குத்தான் ஒருநாள் அந்தப் படம் வந்து சேர்ந்தது.

காவிரிக் கரைக் கோயில் ஒன்றில் மூன்று நாள் நடந்த இசைவிழாவைப் பற்றிய படம். கறுப்பு வெள்ளை, பதினைந்து நிமிஷம். கதை கிடையாது, சண்டை கிடையாது. பரிசலில் தம்பூராவை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் ஆற்றைக் கடப்பார். ஒரு அம்மாள் மடியில் குழந்தை தூங்க, அதன் தலையில் தாளம் போட்டபடியே பாடுவாள். சமையல் பந்தலில் சாம்பார் கிண்டுகிறவர், தூரத்து மிருதங்கத்துக்குத் தக்கபடி கரண்டியைத் திருப்புவார். இதெல்லாம் நம் ஊர் ஜனங்களுக்கு எதற்கு என்றுதான் கொட்டகை மேனேஜர் நினைத்திருப்பார். முதல் நாள் முறுக்கு வாங்கப் போனவர்கள் பாதி வழியில் நின்றார்கள். இரண்டாம் நாள் யாருமே எழவில்லை. மூன்றாம் நாள் முதல் ஒரு கூட்டம் அந்தப் பதினைந்து நிமிஷத்துக்காகவே டிக்கெட் எடுத்து, அது முடிந்ததும் எழுந்து வீட்டுக்குக் கிளம்பியது.

மேனேஜருக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது. "யோவ், ஈரோ இன்னும் வரவேயில்ல, எங்கய்யா போறீங்க?" என்று வாசலில் நின்று கத்தினார். பழவேற்காட்டு ஏரியில் வலை போடும் முனுசாமி திரும்பிப் பார்த்து, "எங்க ஈரோ வந்துட்டுப் போய்ட்டாருய்யா. ஒன் ஈரோவ நீயே பாத்துக்கினு இரு" என்றானே, நினைவிருக்கிறதா? மீன் விற்ற கூடையோடு அத்தனை தூரம் சைக்கிள் மிதித்து வருவான் முனுசாமி. பின்னணியில் பேசும் அந்தக் கம்பீரக் குரல் சொல்வது முழுக்க அவனுக்கு மனப்பாடம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவன், "அந்தி மயங்குகிறது, ஆறும் செவி சாய்க்கிறது" என்று செந்தமிழில் முழங்கிக்கொண்டு கெண்டை மீன் விற்பான்.

எட்டாவது நிமிஷத்தில் சாமி புறப்பாடு. தீவட்டி வெளிச்சத்தில் ஒரு பெரிய வித்வான் நாகஸ்வரம் வாசித்துக்கொண்டு வருவார். காமிரா அவரிடமிருந்து மெல்ல விலகி, அவருக்கு வலப்பக்கம் நிற்கும் ஒல்லியான ஒருவன் முகத்துக்கு வரும். இரண்டு கன்னமும் உப்பி, கண் செருகி, நாகஸ்வரத்துக்குச் சுருதி பிடிக்கும் ஒத்தை அவன் ஊதிக்கொண்டிருப்பான். அவ்வளவுதான், ஏழு விநாடி. பிறகு யானையைக் காட்டுவார்கள்.

முதல் நாள் நீ மணலிலிருந்து துள்ளி எழுந்து, "டேய்! அது நான்டா! நாந்தான்டா அது!" என்று கத்தினாய். பின்னாலிருந்து, "உக்கார்றா, மறைக்காத!" என்று ஒரு பிடி மணல் வந்து விழுந்தது. அன்று வீடு திரும்பும்வரை நீ பேசிய பேச்சில் ஒன்றும் எனக்கு விளங்கவில்லை. நீ ஓடிப்போய்த் தஞ்சாவூர்ப் பக்கம் நான்கு வருஷம் இருந்தது தெரியும். அங்கே ஒரு பெரிய வித்வானின் செட்டில் ஒத்து ஊதினாய் என்பதை அன்றுதான் சொன்னாய். விழாவில் யாரோ படம் பிடித்தார்களாம். கலியாண வீட்டில் பிடிப்பது போல என்று நினைத்துவிட்டாயாம்.

ஏன் ஓடினாய் என்பது ஊருக்கே தெரிந்த கதை. உன் அப்பா, நீ கூப்பிடுவது போல் சொன்னால் உன் நைனா, கும்மிடிப்பூண்டிப் பக்கத்துக் கோயிலில் நாகஸ்வரக்காரர். அந்த வட்டாரத்தில் அவர் வாசிப்புக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அவர் வாயில் வராத வசவும் கிடையாது. உனக்கு விரல் ஓடவில்லை என்று உன் கையிலிருந்து நாகஸ்வரத்தைப் பிடுங்கி, ஒத்துக்குழலைக் கொடுத்தார். ஒரே சுருதியை மணிக்கணக்கில் விடாமல் ஊதவேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சு வாங்கவேண்டும். உயிர் போகிற வேலை, பேர் வாங்காத வேலை. "ஒத்து ஊதுறதுக்குத்தான் நீ லாயக்கு" என்று நாலு பேர் முன்னால் அவர் சொன்னதும் நீ பிய்த்துக்கொண்டு போய்விட்டாய். திரும்பி வந்தபிறகும் அவர் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ தொழிற்சாலைக்குப் போவதே அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

படத்தில் நீ வருவதை முனுசாமி போய் அவரிடம் சொல்லியிருக்கிறான். கடைத்தெருவில் வைத்து அவர் சிரித்த சிரிப்பை நானும் கேட்டேன்.

"நாயனம் வாசிக்கிறவன் கீறான், மோளம் அடிக்கிறவன் கீறான். அவங்கள வுட்டுட்டு ஒத்து ஊதுறவன் மூஞ்சிய எவன்டா படம் புடிப்பான்? அவனுக்கு இன்னா பைத்தியமா? தலப்பாகை கட்னவனெல்லாம் இவன்னு நெனச்சிக்கினு கீறீங்க" என்றார்.

அன்றிலிருந்து உனக்கு ஒரே பிடிவாதம். நைனா வந்து ஒரே ஒருதரம் பார்க்கவேண்டும். வேறு எதுவும் வேண்டாம். பாராட்ட வேண்டாம், பேசக்கூட வேண்டாம், அந்த ஏழு விநாடியை அவர் கண்ணால் பார்த்தால் போதும் என்றாய். தினமும் ஆள் அனுப்பினாய். அவர் அசையவில்லை. ஒரு வாரத்தில் திரும்பவேண்டிய படப்பெட்டி நம் கூட்டத்தைப் பார்த்து இரண்டு வாரம் நின்றது. அப்போதும் அவர் வரவில்லை. கடைசி வியாழக்கிழமை. மறுநாள் பெட்டி கும்மிடிப்பூண்டிக் கொட்டகைக்குப் போகிறது, அங்கிருந்து எங்கே போகுமோ யாருக்கும் தெரியாது. நீ கூடாரக் கயிறு கட்டிய முளைக்கட்டையில் உட்கார்ந்துகொண்டு, "போவுதுடா. இனிமே என் மூஞ்சிய நானே எங்க போய்ப் பாக்கிறது?" என்றாய்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கெடுத்தது. நீ அழுதிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன்.

கொட்டகை ஆப்பரேட்டர் தாஸிடம் ஒரு பழக்கம் உண்டு. பிடித்த நடிகையின் படம் வந்தால் ஒரு சாண் ஃபிலிமை வெட்டி எடுத்துச் சிகரெட் டப்பாவில் வைத்துக்கொள்வார். அந்தக் காலத்து ஆப்பரேட்டர்களில் அதைச் செய்யாதவர் யார்? ஊருக்கு ஊர் இப்படி வெட்டு வாங்கித்தான் எந்தப் படமும் கடைசிக் கொட்டகைக்குப் போய்ச் சேரும். ஆட்டம் முடிந்ததும் கேபினுக்குப் போய், அந்த ஏழு விநாடியை வெட்டிக் கொடுங்கள் என்று கேட்டேன். தாஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஈரோயின வெட்டச் சொல்லிக் கேப்பானுங்க. டான்சுக்காரிய கேப்பானுங்க. ஒத்துக்காரன வெட்டச் சொன்ன மொத ஆளு நீதான்யா."

பத்தடி ஃபிலிம். கத்தரியால் இரண்டு வெட்டு, பசை தடவி ஒரு ஒட்டு. சுருட்டிக் காகிதத்தில் மடித்து என் கையில் கொடுத்தார். உன்னிடம் அன்றே கொடுத்திருக்கலாம். ஆனால் நான் எதை உடனே செய்தேன்? பூதக்கண்ணாடி வைத்த சின்ன டப்பா ஒன்றைப் பட்டணத்தில் வாங்கி, அதில் போட்டுப் பொங்கலுக்குக் கொடுக்கலாம், நீ அதிர்ந்துபோவாய் என்று திட்டம் போட்டேன். நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியில் அன்று தூங்கவும் தூங்கினேன்.

மறுநாள் காலை வண்டியில் ஏறும்போதே உன் முகம் பளிச்சென்று இருந்தது. "நைனா வர்றேன்னுட்டாருடா! இன்னிக்கி சாயங்காலம், கும்மிடிப்பூண்டிக்கு!" என்றாய். முனுசாமி மீன் கொடுக்கப் போன இடத்தில், படத்தில் அந்த வித்வான் வாசிக்கும் ராகத்தை வாயாலேயே இழுத்துக் காட்டியிருக்கிறான். கரகரத்த குரலில் அவன் இழுத்ததைக் கேட்டே உன் நைனா திகைத்துப்போய், "அந்த எடத்துல அப்டி நிறுத்தறவன் எவன்? அவன நான் கேட்டே ஆவணும்" என்றாராம். உன்னைப் பார்க்க வரவில்லை, நாகஸ்வரம் கேட்கத்தான் வருகிறார். உனக்கு அதுவே போதுமாயிருந்தது.

அந்த ஏழு விநாடியோ என் வீட்டில் இருந்தது. அன்று பேட்டரித் தட்டுகளை எப்படி அடுக்கினேன் என்று தெரியாது. மதியம் வயிற்றுவலி என்று சொல்லி லீவு போட்டு, கிடைத்த வண்டியில் ஊர் வந்து, சுருளை எடுத்துக்கொண்டு தாஸ் வீட்டுக்கு ஓடினேன். தூங்கிக்கொண்டிருந்தவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு, "அங்க ஆப்பரேட்டரு நம்ம ஆளுதான். என் பேரச் சொல்லிக் குடு, ரெண்டு நிமிசத்துல ஒட்டிக் குடுத்துருவாரு. வேற எவன் கண்லயும் படாத, பேஜாராய்ப்பூடும். என் லைசென்சு போய்டும்" என்றார். கல்கத்தா போகும் ஜி.என்.டி. ரோட்டில் வெயிலில் சைக்கிள் மிதித்த மிதி இன்னும் என் முழங்காலில் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டிக் கொட்டகையின் கேபினுக்குள் விநியோகஸ்தரின் பிரதிநிதி உட்கார்ந்திருந்தார். புதுப்படம் தொடங்கும் வெள்ளிக்கிழமை அவர் வருவது வழக்கம் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. மூன்று தடவை அந்தக் கதவருகே போனேன். மூன்றாம் தடவை அவரே எழுந்து வந்து, "யாருய்யா நீ? இன்னா வோணும்?" என்றார். சட்டைப் பையில் சுருள் இருந்தது. சொல்லியிருந்தால் இரண்டே நிமிஷம். தாஸுக்கு வேலை போயிருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். "தண்ணி இருக்குமான்னு கேக்க வந்தேன்" என்றேன். பானையைக் கை காட்டினார். இரண்டு டம்ளர் குடித்தேன். வேறு என்ன செய்வது?

அதற்குள் நீ அவரோடு வந்துவிட்டாய். ஜரிகை வேஷ்டி, நெற்றி நிறையச் சந்தனம், கச்சேரிக்குப் போகிறவர் போலத்தான் வந்தார் உன் நைனா. கொட்டகைக்காரர் தானே எழுந்து அவரை நாற்காலியில் உட்காரவைத்தார். அவருக்குப் பக்கத்தில் நீ, உனக்குப் பக்கத்தில் நான். என் சட்டைப் பை உன் முழங்கையில் இடித்தது. நான் தள்ளி உட்கார்ந்தேன்.

பரிசல் வந்தது. அந்த அம்மாள் பாடியதும் அவர் தலை லேசாக ஆடியது. சாமி புறப்பாட்டில் நாகஸ்வரம் எழும்பியபோது வலக்கையால் தொடையில் தாளம் போடத் தொடங்கினார். வித்வான் ராகத்தை நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தினார். உன் நைனா, "அடடா" என்று முனகினார். நீ அவர் காதருகே குனிந்து, "தோ நைனா, இப்போ… தோ" என்று விரலை நீட்டினாய்.

யானை வந்தது.

நீட்டிய உன் விரல் அப்படியே நின்றது. யானை போய்த் தேங்காய் உடைப்பது வந்தது, பிறகு பூ பொறுக்குகிறவர்கள் வந்தார்கள். நீ விரலை மடக்கக்கூட மறந்துவிட்டாய். தரை டிக்கெட்டிலிருந்து முனுசாமியின் குரல், "எங்கய்யா நம்ம ஆளு? இப்பத்தான வரணும்?" என்று கேட்டது. யாரோ சிரித்தார்கள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு பிடித்த கதையை யாரிடம் சொல்ல?

படம் முடிந்ததும் உன் நைனா எழுந்து, "போலாம்" என்றார்.  பொய்யன் என்று திட்டியிருந்தால்கூடத் தேவலை. நீ வெளியே போய் ஜட்கா வண்டியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். சைக்கிள்கள் நிற்குமிடத்தில் அவரும் நானும் மட்டும். அவர் என்னைப் பார்க்காமலே பேசினார்.

"ஒத்து எம்புள்ளதுதான். அந்த மூச்சு எனக்குத் தெரியும், நான் குடுத்த மூச்சு. நடுவுல ராகம் ஒரு தத்து தத்திச்சி பாத்தியா? ஒத்து அறாம போய்க்கினு இருந்துச்சி, மேல ராகம் மட்டும் தத்திச்சி. அங்க எவனோ கைய வச்சிக்கிறான். அந்த எடத்துலதான் இவன் இருந்திருப்பான்."

நான் கையால் சட்டைப் பையை மூடிக்கொண்டேன். "அவன்கிட்ட சொல்லட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"நீ வாயத் தொறக்காத. நாலு பேரு எதுர்ல நான் சொன்ன பேச்சு. நானே சொல்லிக்கிறேன்."

அவர் சொல்லவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, ஆற்றங்கரையில் நீ மொட்டைத்தலையோடு உட்கார்ந்திருந்தபோது, மூச்சை வைத்து அவர் உன்னைக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். நீ வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாய். பிறகு, "வேற இன்னா சொன்னாருடா?" என்று கேட்டாய். "அவ்ளோதான்" என்றேன். பாதியைக் கொடுத்துவிட்டு, எவனோ கை வைத்த மீதியை நான் வைத்துக்கொண்டேன். அந்த ஏழு விநாடி ஏன் வரவில்லை என்று நீ கேட்கவில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு நாளும் அந்தக் கேள்வி வந்துகொண்டே இருந்தது.

சுருளா? அதை நான் வைத்துக்கொள்ளவுமில்லை. ரீல் நீளம் குறைகிறது என்று தாஸை விசாரித்ததாகக் காதில் விழுந்ததும் பயந்துபோய், ஒரு திங்கட்கிழமை காலை வண்டி ஆரணியாற்றுப் பாலத்தில் போகும்போது ஜன்னல் வழியாக வீசிவிட்டேன். நீ எதிரே உட்கார்ந்திருந்தாய்.

"இன்னாடா போட்ட?"

"பீடிக்கட்டு."

"நீதான் பீடி குடிக்க மாட்டியே" என்றாய். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாய். அப்புறம் வேறு பேச்சுக்குப் போய்விட்டாய்.

கொட்டகை போய் அந்த இடத்தில் அரிசி ஆலை வந்தது. ஆனால் படத்தை விடவில்லை நம் ஆட்கள். மாசத்துக்கு ஒருநாள் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் கூடுவார்கள். பரிசலில் தொடங்கிப் பூ பொறுக்குவது வரை பதினைந்து நிமிஷத்தையும் முனுசாமி வாயாலேயே ஓட்டிக்காட்டுவான். மிருதங்கத்துக்கு ஒருவர், சாம்பார்க் கரண்டிக்கு ஒருவர். எட்டாவது நிமிஷம் வந்தால் சண்டைதான். ஆரம்பாக்கத்தில் பார்த்தவர்கள் ஒத்துக்காரன் உண்டு என்பார்கள், கும்மிடிப்பூண்டியில் பார்த்தவர்கள் இல்லவே இல்லை என்பார்கள். யாரோ வெட்டியிருப்பார்கள் என்று ஒருதரம் ஒருவர் சொல்ல, "ஒத்துக்காரன எவன்யா வெட்டுவான்?" என்று எல்லோரும் அவரைக் கேலி செய்து உட்காரவைத்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். நான் டீயை ஆற்றிக்கொண்டே இருந்தேன்.

நீ மகனோடு மீஞ்சூருக்குக் குடிபோன பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்தேன். ஒவ்வொரு தடவையும் வெட்டியதைச் சொல்லவேண்டிய அந்த வாக்கியத்தை ரயிலில் சரி செய்துகொண்டே வருவேன். இப்படித் தொடங்கலாமா, அப்படித் தொடங்கலாமா? உன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் எல்லாம் மறந்துபோகும். நீ அதிரசத்தைத் தட்டில் வைத்து, எதிரே உட்கார்ந்து, "சொல்லுடா, இன்னா சேதி?" என்று என் முகத்தையே பார்ப்பாய். நான் அரிசி விலையைச் சொல்வேன், முழங்கால் வலியைச் சொல்வேன். கடைசி வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிடுவேன். அதற்கு முன்னால் இரண்டு வண்டி இருப்பது உனக்கும் தெரியும்.

போன வாரம் முனுசாமியின் பேரன் எங்கிருந்தோ அந்தப் படத்தைத் தன் போனில் கண்டுபிடித்துவிட்டான். எந்த ஆப்பரேட்டரின் கத்தரியும் படாத பிரதி. பழைய கூட்டத்தில் மிச்சம் நான்கு பேர், டீக்கடை பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்து பார்த்தோம். பரிசல் வந்ததும் முனுசாமி அந்தக் குரலோடு சேர்ந்து பேசத் தொடங்கினான். ஒரு சொல் பிசகவில்லை. எட்டாவது நிமிஷம். வித்வான் நிறுத்தினார், காமிரா விலகியது. உப்பிய கன்னமும் செருகிய கண்ணுமாக நீ. முனுசாமி, "தோத்துச்சுடா கும்மிடிப்பூண்டி!" என்று கத்திவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். பதினொரு தடவை திரும்பத் திரும்ப ஓட்டினார்கள். இரண்டாம் தடவையே என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து தண்டவாளம் வரை போய் நின்றேன்.

மறுநாள் அதை என் போனில் ஏற்றிக்கொண்டு மீஞ்சூருக்குப் போனேன். உன் மனைவியிடமாவது சொல்லிவிடுவது என்று முடிவு. அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். நீ வந்ததும் பாசத்தில் திரையைத் தொட்டுவிட்டாள், படம் அப்படியே நின்றுவிட்டது. நின்ற உன் முகத்தை முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். "அப்பவே இம்மாம் ஒல்லி" என்றாள்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒன்னு சொல்லணும்மா" என்றேன்.

"வெட்டுனதுதானேண்ணே?"

 அவள் போனை மெல்ல என் கையில் வைத்தாள்.

"எங்க கல்யாணத்துக்கு வந்தப்போ அந்த ஆப்பரேட்டரு தாஸு இவரத் தனியா கூப்ட்டு எல்லாத்தியும் சொல்லிட்டாரு. உனுக்குக் குடுக்கத்தான் வெட்டுனான், அவன் மேல வருத்தப்படாதன்னு சொன்னாராம். பீடிக்கட்டுன்னு நீங்க ஆத்துல போட்டதுகூட இன்னான்னு இவருக்கு அப்பதான் வெளங்குச்சி. நான் எத்தினியோ தபா சொன்னேண்ணே, நீங்களே கேட்டுடுங்க, அவரு மருகிக்கினு கீறாருன்னு. கேக்கலியே. 'நான் கேட்டா அவன் தலகுனிஞ்சி நிப்பான்டி. அவனா சொன்னா ஒக்காந்து சிரிச்சிக்கினு பேசலாம். சொல்லுவான், வந்து சொல்லுவான்'னே இருந்தாரு. ஒவ்வொரு தீபாவளிக்கும் நீங்க போன ஒடனே தட்ட எடுத்துக்கினு உள்ள வருவாரு. 'இந்த வருசமும் சொல்லலடி'ம்பாரு. சிரிப்பாரு."

பிறகு, காபி போடட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

எனக்கு உன்மேல் கோபம் கோபமாக வருகிறது, தெரியுமா? ஒருதரம் சட்டையைப் பிடித்திருக்கலாம். "இன்னாடா, சொல்லேன்டா" என்று உலுக்கியிருக்கலாம். நான் அத்தனை வருஷமும் அரிசி விலை பேச, நீ எதிரே உட்கார்ந்து, இதோ சொல்லப்போகிறான், இதோ சொல்லப்போகிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தாயா? உன் நைனாவுக்காவது ஒரு மாதம்தான் கிடைத்தது. எனக்கு எத்தனை தீபாவளி கொடுத்தாய்! அன்று மீஞ்சூர் ஸ்டேஷனில் மூன்று வண்டியை விட்டுவிட்டேன், ஏற மனம் வரவில்லை. வெட்டச் சொன்னது நான்தான், ஆற்றில் போட்டதும் நான்தான், உன் நைனா உன்னைப் பார்க்க முடியாமல் போனதும் என்னால்தான். இதோ, சொல்லிவிட்டேன். இவ்வளவு சின்ன வாக்கியமா அது?

"இந்த வருசமும் சொல்லல" என்று நீ சிரித்ததை நான் ஒருநாளும் காதால் கேட்டதில்லை. ஆனால் நான்கு நாளாக அதுதான் என்னோடு வருகிறது, உட்கார விடாமல். வரும் தீபாவளிக்கும் வரச்சொல்லியிருக்கிறாள் உன் மனைவி. வருவேன். ரயிலில் எந்த வாக்கியத்தையும் சரி செய்துகொள்ளாமல் உன் வீட்டுக்கு வருவது எனக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.